வேலைகொள்வோர் பிணையும் வேற்றுநாட்டு வல்லுநரும்

பொருள் தேடிப் பிறநாடு செல்லுதல் தமிழர்க்குப் புதியதொன்றன்று. அகப்பொருள் இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களைக் கூறுமிடத்து ஓதல், பகை, தூது என்பவற்றோடு பொருளையும் ஒரு காரணமாக வைத்தனர். ஆயினும், அக்காலத்திற் பொருள்வயிற் பிரிந்த தலைவன் தன் துணிவொன்றையே துணையாகக் கொண்டு சென்றான். சுரத்தைக் கடத்தற்கு எவருடைய அநுமதிச் சீட்டும் அவனுக்கு வேண்டப்படவில்லை. இன்றைய நிலை அதனின் வேறாயது. பட்டமும் பயிற்சியும் நிரம்பப் பெற்ற ஒருவர், தம் தொழிலுக்கு ஆள் போதாது வாடுகின்ற ஒரு நாட்டினுட் புகுவதற்குங்கூட, அந்நாட்டிலுள்ள வேலைகொள்வோர் ஒருவர் முன்வந்து, இவர் எமக்கு வேண்டியவர், இவர்க்கு யாம் பொறுப்பு என அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

இவ்வாறு பொறுப்பேற்பதையே நம்மவர் பேச்சு வழக்கில் ‘ஸ்பொன்சர்’ செய்தல் என்பர். உறவினர் உறவினரை அழைத்தலும் இப்பெயராற் சுட்டப்படுமாயினும், அஃது ஈண்டு எமது ஆராய்ச்சிக்குப் புறம்பானது. வேலைகொள்வோர் வெளிநாட்டு வல்லுநரை அழைக்கும் முறை யாது, அஃது எவ்வாறு தோன்றியது, அதனால் விளையும் நன்மையும் தீமையும் யாவை என்பனவற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. எமது கல்லூரியிற் கற்று வெளியேறும் மாணவருட் பலர் இம்முறையினூடாகவே பிறநாடு புகுதலின், இவ்வாராய்ச்சி பயனற்றதாகாது என எண்ணுகின்றோம்.

பிணை என்னும் சொல்

பொறுப்பேற்பு என்பதனைத் தமிழிற் ‘பிணை’ என்னும் சொல்லாற் குறித்தல் பொருத்தமாகும். ஒருவர்க்காக இன்னொருவர் உத்தரவாதஞ் செய்தலும் பிணை. ஒன்றை மற்றொன்றோடு கட்டுதலும் பிணைத்தல். இவ்விரு பொருளும் இம்முறையிலே ஒருங்கே அமைந்துள்ளன. வளைகுடா அரபு நாடுகளில் வழங்கும் ‘கஃபாலா’ என்னும் சொல்லுக்கும் பிணை நிற்றல் என்பதே பொருள்.

இவ்வேற்பாட்டில் மூவர் சம்பந்தப்படுகின்றனர்: வேலைகொள்வோர், வல்லுநர், அரசாங்கம். வேலைகொள்வோர் அரசாங்கத்துக்குப் பொதுவாக மூன்று உறுதிகளைக் கொடுப்பர். உண்மையான வேலையொன்று உண்டென்பது முதலாவது. குறித்த தொகைக்குக் குறையாத வேதனம் கொடுப்போமென்பது இரண்டாவது. குறித்த நிபந்தனைகளின் வழி ஒழுகுவோமென்பது மூன்றாவது. அவ்வுறுதிகளை ஏற்று அரசாங்கம் வல்லுநர்க்கு அநுமதி வழங்கும். ஆனால், அவ்வநுமதி வல்லுநரின் கல்விக்கோ திறமைக்கோ வழங்கப்பட்டதன்று. அந்த வேலைகொள்வோரிடத்து அந்த வேலையைச் செய்வதற்கே வழங்கப்பட்டதாகும். இந்நுட்பத்தை மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் வரும் இடர்களெல்லாம் இதனின்றே முளைக்கின்றன.

பிணை குற்றமாயிருந்த காலம்

இன்று இம்முறைக்குப் பேர்பெற்ற நாடாகிய ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றை நோக்குமிடத்து வியப்பானதோர் உண்மை புலனாகும். இன்று எச்செயலைச் செய்யாவிடின் வல்லுநர் அந்நாட்டினுட் புகல் அரிதோ, அதே செயல் ஒரு காலத்தில் அங்கே தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது.

உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்திலே அமெரிக்காவிற் கைத்தொழிலுக்கும் கமத்துக்கும் ஆட்பற்றாக்குறை உண்டாயிற்று. அதனை நிரப்பும் நோக்குடன் 1864ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி லிங்கன் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். வெளிநாட்டிலிருந்து வருவோர் தமது கப்பற் செலவுக்கு ஈடாகப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத காலத்து வேதனத்தை ஒப்பந்தத்தின் மூலம் அடகு வைக்கலாமென அச்சட்டம் இடங்கொடுத்தது. வேலைகொள்வோர் செலவை ஏற்று ஆளை வருவிப்பர். வந்தவர் உழைத்துக் கடன் தீர்ப்பர். நான்கு ஆண்டுகளில், 1868இல், அச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும், ஒப்பந்தஞ் செய்து ஆட்களை வருவிக்கும் வழக்கம் ஒழியவில்லை.

வேலைநிறுத்தஞ் செய்த உள்நாட்டுத் தொழிலாளரின் இடத்தை நிரப்புதற்கும், கூலியைக் குறைத்தற்கும் இவ்வழக்கம் பயன்படுகின்றதென்று தொழிற்சங்கத்தார் முறையிட்டனர். ஒஹையோ மாநிலத்துப் பிரதிநிதியும், முன்னர்ப் பீப்பாய் செய்யும் தொழிலாளரின் சங்கத் தலைவராயிருந்தவருமாகிய மார்ட்டின் ஃபோரன் என்பார் கொண்டுவந்த சட்டம் 1885ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நிறைவேறியது. முன்கூட்டிச் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி வேலை செய்தற்கு வரும் வெளிநாட்டவரின் பிரயாணச் செலவைக் கொடுத்தலும், அவர் வருகைக்கு வேறெவ்வகையில் உதவுதலும் குற்றமென அச்சட்டம் விதித்தது. குற்றம் ஒவ்வொன்றுக்கும் 1,000 டொலர் தண்டம். நடிகர், பாடகர், விரிவுரையாளர் முதலாயினோர்க்கும், வீட்டு வேலையாளர்க்கும், அந்நாட்டில் இன்னும் நிலைபெறாத புதுக் கைத்தொழிலொன்றுக்கு வேண்டிய தேர்ச்சி பெற்ற தொழிலாளர்க்கும் மாத்திரம் விலக்களிக்கப்பட்டது. ஆகவே அக்காலத்தில், கையில் வேலையில்லாது வந்திறங்கியவன் வரவேற்கப்பட்டான். வேலையொன்றை உறுதி செய்துகொண்டு வந்தவன் திருப்பியனுப்பப்பட்டான். இன்றைய நடைமுறைக்கு இது நேர்மாறென்பதைக் கூறவும் வேண்டுமோ?

இச்சட்டத்தின் வலையிற் சிக்கியது ஒரு தேவாலயம் என்பது குறிப்பிடத்தக்கது. நியூயோர்க் நகரத்துப் பரிசுத்த திரித்துவ தேவாலயத்தார், இங்கிலாந்திலிருந்த வாரன் என்னும் குருவானவரைத் தமது ஆலயத்துக்கு ஊழியராக ஒப்பந்தஞ் செய்து 1887ஆம் ஆண்டில் வருவித்தனர். விலக்களிக்கப்பட்டோர் வரிசையிலே நடிகரும் பாடகரும் இருந்தனர், குருமார் இருந்திலர். எனவே சட்டத்தின் சொற்படி தேவாலயத்தார் குற்றவாளிகளாயினர்; கீழ் மன்று அவ்வாறே தீர்த்தது. 1892ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நீதியரசர் புரூவர் எழுதிய தீர்ப்பின் சாரம் யாதெனில், ஒரு செயல் சட்டத்தின் சொல்லுக்குள் அடங்கினும் அதன் கருத்துக்குள் அடங்காதாயின் அது குற்றமாகாது. மலிந்த கூலிக்கு உடலுழைப்பாளரைத் திரளாக வருவித்தலைத் தடுத்தலே சட்டமன்றத்தின் நோக்கமேயன்றி, அறிவுத் தொழில் புரிவோரைத் தடுத்தலன்று என்பதாம். சட்டமன்றமும் இதற்கிடையில், 1891ஆம் ஆண்டுத் திருத்தத்தால், குருமார்க்கும் கல்லூரிப் பேராசிரியர்க்கும் அங்கீகாரம் பெற்ற உயர்தொழில் புரிவோர்க்கும் விலக்களித்திருந்தது.

உடலுழைப்பாளர் வேறு, வல்லுநர் வேறு என்னும் பாகுபாடு இவ்வாறாகச் சட்டத்தில் வேரூன்றியது. இன்றைய முறைமையின் வித்து இதுவே எனலாம்.

குற்றம் விதியான வரலாறு

1952ஆம் ஆண்டில் நிறைவேறிய குடிவரவுச் சட்டம் பழைய ஒப்பந்தத் தடையை நீக்கியது. அன்றியும், தலைசிறந்த தகுதியும் திறமையும் உடையோர் தற்காலிகமாக வந்து பணிபுரிதற்கென ‘எச்-1’ என்னும் பிரிவையும் அது வகுத்தது. நிரந்தரமாகக் குடியேறுவோருள்ளும், உயர்கல்வியும் அருந்திறனும் உடையோர்க்கே முதலிடம் கொடுக்கப்பட்டது. ஆனால், அவர் தாமாக விண்ணப்பித்தல் இயலாது. அவர்தம் பணியை வேண்டுவோரே மனுச் செய்தல் வேண்டும். அறுபத்தேழு ஆண்டுகளுக்குள்ளே குற்றம் நிபந்தனையாக மாறிற்று. ஆயினும், அச்சட்டம் ஆசிய நாடுகள் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டொன்றுக்கு 100 பேர் என்னும் மிகச் சிறிய பங்கையே ஒதுக்கியமையால், நம்மவர்க்கு அக்கதவு திறந்தும் திறவாததாகவே இருந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரிப் பங்கு முறையை ஒழித்தபின்னரே ஆசிய வல்லுநர் பெருந்தொகையினராகப் புகத் தொடங்கினர்.

இன்று பலரும் அறிந்த ‘எச்-1பி’ என்னும் பிரிவு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டாயது. பட்டப்படிப்போ அதற்கு நிகரான தகுதியோ வேண்டப்படும் சிறப்புத் தொழில்களுக்கு இஃது உரியது. ஆண்டொன்றுக்கு 65,000 பேர் என எல்லை வகுக்கப்பட்டது. கணினித் தொழில் பெருகிய காலத்தில் அவ்வெல்லை 1,15,000 ஆகவும், பின்னர் 1,95,000 ஆகவும் உயர்த்தப்பட்டு, 2004ஆம் நிதியாண்டில் மீண்டும் 65,000 ஆகச் சுருங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணி முதலிய மேற்பட்டங்கள் பெற்றோர்க்கு மேலும் 20,000 இடங்கள் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சேர்க்கப்பட்டன. பல்கலைக்கழகங்களும் அவற்றோடிணைந்த இலாபநோக்கற்ற ஆராய்ச்சி நிலையங்களும் இவ்வெல்லைக்கு உட்படா.

இம்முறை இயங்குமாற்றை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். அமெரிக்கக் கம்பனியொன்று இலங்கைப் பொறியியலாளர் ஒருவரை வேலைக்கமர்த்த விரும்புகின்றதெனக் கொள்வோம். அது முதலிற் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். பதிவுகள் இடங்களினும் மிக்கிருப்பின் தெரிவு நிகழும். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏறக்குறைய 85,000 இடங்களுக்கு 7,80,000க்கு மேற்பட்ட பதிவுகள் வந்தன. ஒருவர்க்காகவே பல கம்பனிகள் பதிவு செய்தமை இப்பெருக்கத்துக்கு ஒரு காரணமாதலின், அடுத்த ஆண்டு முதல் ஆளுக்கொரு வாய்ப்பென விதி திருத்தப்பட்டது. தெரிவு செய்யப்பட்டபின், அதே தொழில் புரிவோர்க்குத் தான் கொடுக்கும் வேதனம், அவ்வூரில் வழங்கும் வேதனம் என்னும் இரண்டனுள் உயர்ந்ததனைக் கொடுப்பதாகவும், வேலைநிறுத்தம் நிகழும் இடத்துக்கு இவரை அமர்த்தவில்லையென்றும் தொழிற்றிணைக்களத்துக்குக் கம்பனி உறுதி கூறும். அதன்பின் குடிவரவுத் திணைக்களத்துக்கு மனுச் செய்யும். அநுமதி முதலில் மூன்று ஆண்டுகளுக்கும், பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாமலும் வழங்கப்படும்.

வல்லுநரைக் காத்தற்கெனச் சில விதிகளும் உள. வேலை இல்லையென்று கூறி வேதனமின்றி வாளாவிருத்துதல் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது. அச்சட்டத்தால் உண்டான பயிற்சிக் கட்டணத்தை வல்லுநரிடமிருந்து வேலைகொள்வோர் அறவிடலாகாது. தவணை முடியுமுன் வேலையினின்று நீக்கினால் தாய்நாடு திரும்பும் நியாயமான பிரயாணச் செலவை வேலைகொள்வோரே கொடுத்தல் வேண்டும். இவையெல்லாம் நல்ல விதிகளே. ஆயினும், மீறப்பட்டவிடத்து முறையிட வேண்டியவர் யார்? அவ்வேலைகொள்வோர் தயவினாலேயே நாட்டில் நிற்கும் அதே வல்லுநரன்றோ?

அண்மையில் இம்முறைமைக்குப் பெருந்தடையொன்றும் உண்டாயிற்று. 2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆந் திகதி வெளியான சனாதிபதிப் பிரகடனம், நாட்டுக்கு வெளியே உள்ளோர்க்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டொலர் செலுத்துமாறு பன்னிரண்டு மாத காலத்துக்கு விதித்தது. அதனை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டன. இத்துணைப் பெருந்தொகையை ஒருவர்க்காகச் செலுத்தும் வேலைகொள்வோர் அவரைத் தம்மோடு இறுகக் கட்டிவைக்க விரும்புதல் இயல்பே. விலை ஏறுந்தோறும் பிணையும் இறுகும்.

கட்டின் வலிமை

வேதனம் என்பது கொடுப்போனுக்கும் கொள்வோனுக்கும் இடையே நிகழும் பேரத்தால் அமைவது. பேரத்தில் தொழிலாளிக்குள்ள வலிமை, இவ்விடம் ஒவ்வாதாயின் வேறிடம் செல்வேன் என்று சொல்லக்கூடிய நிலையே. உழைப்பை வாங்குவோர் ஒருவரேயாயின் அவ்வலிமை அற்றுப்போகும். வேதனமும் உழைப்பின் பெறுமதிக்குக் கீழே தாழும். பொருளியல் அறிஞராகிய ஜோன் றொபின்சன் அம்மையார் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இந்நிலைமையை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் ஆராய்ந்தது சந்தையின் இயல்பால் விளையும் நிலை. பொறுப்பேற்பு முறையிலோ, வாங்குவோர் பலர் சந்தையில் இருப்பினும், அவருள் ஒருவரிடமே விற்குமாறு சட்டம் கட்டுகின்றது.

அமெரிக்கச் சட்டமன்றம் இதனை ஓரளவு உணர்ந்தே 2000ஆம் ஆண்டில் ஒரு திருத்தஞ் செய்தது. புதிய வேலைகொள்வோர் மனுவைக் கொடுத்த உடனேயே, முடிவை எதிர்பாராது வல்லுநர் அவரிடம் வேலையைத் தொடங்கலாமென அது விதித்தது. 2017ஆம் ஆண்டு சனவரி முதல், வேலை இழந்தவர் புது வேலை தேடுதற்கு அறுபது நாட்களுக்கு மேற்படாத அவகாசமும் அளிக்கப்படுகின்றது. வீடும் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பும் ஓரிடத்தில் ஊன்றிய குடும்பத்துக்கு அறுபது நாள் எவ்வளவு குறுகியதென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நிரந்தர வதிவுரிமைக்குக் காத்திருப்போர் நிலை இன்னும் கடினமானது. தொழில் அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 பேர்க்கு அவ்வுரிமை வழங்கப்படும். அத்தொகையுள் மனைவி மக்களும் அடங்குவர். பொதுவாக, எந்நாட்டிற் பிறந்தோரும் மொத்தத்தில் நூற்றுக்கு ஏழு பங்கிற்கு மேற் பெறலாகாது. இக்கணக்கிற் குடியுரிமை நோக்கப்படுவதில்லை. பிறந்த நாடே நோக்கப்படும். ஆகவே இந்தியாவிற் பிறந்தோர் பல பத்தாண்டுகள் காத்திருக்கும் நிலை உண்டாயிருக்க, இலங்கையிற் பிறந்தோர் அந்நீண்ட வரிசையிற் சேர்க்கப்படுவதில்லை. ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்யும் இரு தமிழருள் ஒருவர் திருச்சிராப்பள்ளியிலும் மற்றவர் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகேயும் பிறந்தனராயின், முன்னவர் நரை காணும் வரை காத்திருக்கவும், பின்னவர் சில ஆண்டுகளில் உரிமை பெறவும் கூடும். காத்திருக்கும் காலத்தில் வேலைகொள்வோரை மாற்றினால், முதல் மனு ஏற்கப்பட்டிருப்பின் வரிசையிற் பெற்ற இடம் பொதுவாக அழியாதெனினும், புதியவர் விளம்பரஞ் செய்தல் முதலிய படிகளை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஏறல் வேண்டும். இதற்கஞ்சியே பலர் பதவி உயர்வையும் இழந்து இருந்தவிடத்தே இருக்கின்றனர்.

பிரித்தானியாவிலே நிகழ்ந்தது

பிணை இறுகுமிடத்து யாது நிகழும் என்பதற்குப் பிரித்தானியா தக்கதோர் உதாரணமாகும். அங்கே 1920ஆம் ஆண்டு முதலே அந்நியர் வேலை செய்தற்கு வேலைகொள்வோர் தொழில் மந்திரிசபையின் அநுமதி பெறுதல் விதியாயிருந்தது. பொதுநலவாய நாட்டினராகிய நாம் அவ்விதிக்குப் புறம்பாயிருந்தோம். 1962ஆம் ஆண்டுச் சட்டமே நம்மவரையும் கட்டுப்பாட்டுக்குட் கொண்டுவந்தது. அச்சட்டத்தின்கீழ் மூவகைச் சீட்டுகள் வழங்கப்பட்டன. குறித்த வேலையொன்று உறுதியானோர்க்கு முதல்வகை; வைத்தியர், ஆசிரியர் போன்ற தகுதியுடையோர்க்கு இரண்டாம் வகை; ஏனையோர்க்கு மூன்றாம் வகை. இரண்டாம் வகைச் சீட்டுப் பெற்றவர் தம் தகுதியின் பேரிலேயே சென்றார். எந்த முதலாளிக்கும் அவர் கட்டுப்பட்டவரல்லர் என்பதை இங்கே குறித்தல் வேண்டும்.

இன்றைய முறை 2008ஆம் ஆண்டிலே தோன்றி, 2020ஆம் ஆண்டு டிசெம்பரிற் புதுவடிவம் பெற்றது. பொறுப்பேற்க விரும்பும் வேலைகொள்வோர் முதலில் உள்நாட்டமைச்சிடம் அநுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். பின்னர் அவர் வல்லுநர்க்குப் பொறுப்பேற்புச் சான்றிதழ் வழங்குவர். சான்றிதழ் எனப் பெயர் பெறினும் அது தாளன்று; கணினியிற் பதியப்படும் ஓர் எண்ணே. வல்லுநர் வேலைக்கு வாராதொழியின் அதனை அறிவிக்கும் கடமையும் வேலைகொள்வோர்க்கு உண்டு. ஆகவே அவர் ஏககாலத்தில் முதலாளியாகவும், பிணையாளியாகவும், அரசாங்கத்தின் கண்ணாகவும் விளங்குகின்றார்.

2022ஆம் ஆண்டு பெப்ரவரியில், முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் ஊழியர்க்கும் இவ்வழி திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் சென்றனர். இடைத்தரகர் சிலர் சான்றிதழுக்கு விலை கூறினர். நகையை அடகுவைத்தும் காணியை விற்றும் பெருந்தொகை கொடுத்துச் சென்றோருட் பலர், அங்கே சொல்லப்பட்ட வேலை இல்லையென்பதைக் கண்டனர். சிலர் குறைந்த மணித்தியாலங்களே வேலை பெற்றனர். முறையிட்டால் வேலைகொள்வோரின் அநுமதிப்பத்திரம் பறிபோகும்; அது பறிபோனால் முறையிட்டவரின் அநுமதியும் அறுபது நாட்களாகச் சுருங்கும். 2022ஆம் ஆண்டு யூலைக்கும் 2024ஆம் ஆண்டு டிசெம்பருக்கும் இடையிற் பராமரிப்புத் துறையிலே 470க்கு மேற்பட்ட அநுமதிப்பத்திரங்கள் இரத்துச் செய்யப்பட்டன. குற்றஞ் செய்தவர் பத்திரத்தை இழந்தார். குற்றமற்ற ஊழியர் நாட்டில் நிற்கும் உரிமையையே இழக்கும் நிலைக்கு ஆளானார். 2024ஆம் ஆண்டு மார்ச்சு முதல், புதிதாகச் செல்லும் பராமரிப்பு ஊழியர் மனைவி மக்களை உடனழைத்துச் செல்லலாகாதென விதிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதியோடு வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோர்க்கு அவ்வழி அடைக்கப்பட்டது. அதே நாளில், ஏனைய வல்லுநர்க்குரிய பொது வேதன எல்லையும் ஆண்டுக்கு 41,700 பவுணாக உயர்ந்தது.

கட்டைத் தளர்த்தும் வழி

வேலைகொள்வோர் பக்கத்து நியாயத்தையும் ஈண்டு நோக்குதல் முறையாகும். அவர் கட்டணங் கட்டி, மாதக்கணக்கிற் காத்திருந்து, ஒருவரை வருவிக்கின்றார். வந்தவர் மறுவாரமே அயற்கம்பனிக்குச் சென்றுவிட்டால் செலவெல்லாம் வீணாகுமன்றோ என அவர் வினவுவர். வினா நேர்மையானதே. ஆயினும், செலவின் நியாயமான பங்கை ஒப்பந்த வழியாகத் திரும்பப் பெறுதல் வேறு. ஒருவர் நாட்டில் நிற்கும் உரிமையையே கையிற் பிடித்திருத்தல் வேறு. முன்னையது கடன், பின்னையது ஆதிக்கம்.

அவுஸ்திரேலியா 1996ஆம் ஆண்டில் ‘457’ என்னும் இலக்கமுடைய விசாவைத் தொடக்கி, 2018ஆம் ஆண்டில் அதனை மாற்றியமைத்தது. வேலையை விட்டவர் புது வேலைகொள்வோரைத் தேடுதற்கு அங்கும் அறுபது நாளே கொடுக்கப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி முதல் அது ஒருமுறைக்கு 180 நாட்களாகவும், விசாக் காலம் முழுவதற்கும் 365 நாட்களாகவும் நீட்டப்பட்டது. அவ்விடைக்காலத்தில் வேறிடங்களில் உழைத்துண்ணவும் அநுமதியுண்டு. மிகக் கடுமையான பிணைமுறை நிலவிய கட்டார் நாடும், வேலை மாறுதற்குப் பழைய வேலைகொள்வோரின் இசைவு வேண்டுமென்ற விதியை 2020ஆம் ஆண்டில் நீக்கியது. கட்டைத் தளர்த்துதல் இயலாத காரியமன்றென்பதற்கு இவை சான்று.

ஃபோரன் முதலாயினோரின் அச்சத்தை இங்கே மீண்டும் நினைவுகூர்தல் நன்று. கட்டுண்டு வருந் தொழிலாளி சுதந்திரமான தொழிலாளியின் வேதனத்தையும் தாழ்த்துவான் என்று அவர் அஞ்சினர். அவ்வச்சத்தில் உண்மை உண்டு. ஆனால், அவர் கண்ட பரிகாரம் தொழிலாளியைத் தடுத்தல். கட்டு நோயாயின் கட்டை அவிழ்த்தலன்றோ பரிகாரம்? வேற்றுநாட்டு வல்லுநர் தாம் விரும்பியவிடத்துச் சென்று உழைக்கும் உரிமை பெறின், அவரை மலிவாகப் பெறுதல் எவர்க்கும் இயலாது. அயலிலே வேலை செய்யும் உள்நாட்டவரின் வேதனமும் தாழாது. இருசாராரின் நன்மையும் ஒன்றேயென்பது இதனாற் பெறப்படும்.

நம்மவர்க்குச் சில

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்து இளைஞர் மலாய் நாடு சென்று புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரசாங்கப் பகுதிகளிலும் எழுதுவினைஞராகவும் தொழில்நுட்பவாளராகவும் பணியாற்றினர். இரு நாடும் ஒரே முடியின்கீழ் இருந்தமையால், அவர் எவருடைய பிணைச்சீட்டையும் கொண்டுசெல்லவில்லை. முன்சென்ற உறவினரின் கடிதமும், செந்தூலிலோ பிறிக்பீல்ட்சிலோ அவர் வீட்டுத் திண்ணையுமே அவர்க்குப் பிணை. இன்று செல்பவர்க்கு அத்திண்ணை போதாது. சட்ட அறிவும் வேண்டும். ஆகவே சிலவற்றைக் கூறி அமைவாம்.

முதலாவதாக, வேலைகொள்வோர் உண்மையானவரா என்பதை ஆராய்தல் வேண்டும். பிரித்தானியாவில் அநுமதிப்பத்திரம் பெற்றோர் பட்டியலும், அமெரிக்காவிற் கம்பனிகள் தொழிற்றிணைக்களத்துக்குக் கொடுத்த வேதன உறுதிகளும் எவரும் பார்க்கத்தக்கனவாக வெளியிடப்படுகின்றன. உள்நாட்டு முகவராயின், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அநுமதிப்பத்திரம் அவர்க்கு உண்டா என்று கேட்டல் வேண்டும். இரண்டாவதாக, பொறுப்பேற்புக்கென வேலைகொள்வோர் செலுத்தவேண்டிய பணத்தைத் தாம் கொடுக்க இசைதலாகாது. அப்பணத்தைக் கேட்பவர் பிணையாளி அல்லர், வியாபாரி. மூன்றாவதாக, வேலையை விட நேர்ந்தால் எத்தனை நாள் அவகாசம் உண்டு, ஒப்பந்தத்தின்படி எத்தொகை திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பனவற்றைக் கையொப்பமிடு முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும். கடவுச்சீட்டு எக்காரணங் கொண்டும் தம் கையை விட்டு நீங்கலாகாது. மனைவி மக்கள் உடன்வரலாமா என்பதும் முன்னரே தெளியப்பட வேண்டியது. பிரிவின் நீளத்தை அறியாது பிரிதல் இருசாரார்க்கும் துன்பமாம்.

வேலைகொள்வோராய் உயர்நிலை எய்திய எம் பழைய மாணவர் பலர் பிறநாடுகளில் உளர். தாம் கட்டுண்டிருந்த காலத்தை அவர் மறவாதிருத்தல் வேண்டும். ஓர் இளைஞர்க்குப் பிணை நிற்க முன்வருவோர், அவர்க்கு உத்தரவாதமாக நிற்பதோடு அமைக. அவர் காலுக்குத் தளையாகாதிருப்பாராக. பிணை என்னும் சொல்லின் இரு பொருளுள் முன்னையதே நிலைபெறுமாயின், கடல் கடந்து செல்லும் கல்வி இரு நாட்டுக்கும் பயன்தரும்.